அமைச்சருக்காக நின்ற சைக்கிள்கள்

செவ்வாய்க் கோளின் நான்காம் குகைநகரில் இரவு முறைக்காரர்கள் இறங்கியதும் காலை ஏழு மணி முறைக்காரர்கள் சைக்கிளில் ஏறுவார்கள். ஏறாவிட்டால் ஏழரைக்கு ஊருக்கே மூச்சு முட்டும்.

சாலைக்கு அடியில் பதித்த மிதிதகடுகள், சக்கரங்களின் அழுத்தத்தில் மின்சாரம் தந்தன. அதில் சுழன்ற விசிறிகள் குகைகளுக்குள் உயிர்வளியைத் தள்ளின. ஆகவே குண்டு குழி இல்லாத சாலை, மூலைக்கு மூலை நிறுத்துமிடம், பஞ்சருக்கு இலவச ஒட்டு. மாப்பிள்ளை அழைப்புகூட சைக்கிளில்தான். யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்லவும் காற்று வேண்டுமே!

அன்று ‘மிதிவண்டி விழிப்புணர்வு விழா’வுக்காகச் சாலையை அடைத்திருந்தார்கள். காற்றளவு அலுவலகத்தில் வேலை பார்க்கும் செண்பகவடிவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுடைய எட்டு மாதக் குழந்தை வெயினி கடைசிக் குகையின் காப்பகத்தில் இருந்தாள். காற்று கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது. சேமிப்புத் தொட்டி இருபது நிமிடம் தாங்கும். பல ஆண்டுகளாக அதைத் தொட வேண்டி வராததால் மற்றவர்கள் அந்தக் கணக்கை மறந்தே போயிருந்தார்கள்.

கால்மணி ஆகியும் அமைச்சர் வரவில்லை. தடுப்புக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள்.

“சார், இன்னும் அஞ்சு நிமிஷத்துக்குத்தான் காத்து இருக்கு. விடுங்க, மிதிக்கணும்!” என்றாள் செண்பகவடிவு.

“அமைச்சர் வர்ற வழிம்மா. இதோ வந்துடுவாரு,” என்றார் காவலர் அருமைராஜ்.

“கால்மணியா இதையேதான் சொல்றீங்க. பிள்ளைங்க செத்துடும் சார்!”

“மேல இருந்து உத்தரவு வரணும்ல?”

பக்கத்தில் நின்றவர் சலித்துக்கொண்டார். “கொஞ்சம் பொறும்மா. நாங்கல்லாம் நிக்கல?”

அவள் தடுப்பைத் தள்ளிவிட்டு ஏறி மிதித்தாள். ஒற்றைச் சைக்கிளுக்கு எந்த விசிறி சுழலும்? கூட்டம் கைப்பேசியில் படம் பிடித்தது.

அமைச்சர் வந்து, மிதிப்பதன் அருமையைப் பேசி முடிப்பதற்குள் அபாயச் சங்கு ஊதியது. அதன் பிறகுதான் தடுப்பைத் திறந்து எல்லோரையும் மிதிக்க விட்டார்கள். காப்பகத்தில் ஏழு குழந்தைகள் இறந்திருந்தன. வெயினியை மட்டும் மிச்ச மூச்சோடு மருத்துவமனைக்குத் தூக்கி வந்தாள் செண்பகவடிவு.

மறுநாள் காலை, மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்த்திரையில் அமைச்சர் கண் கலங்கப் பேசினார்.

“நம்மைப் பிரிந்த ஏழு பிஞ்சுகளுக்கு அஞ்சலியாக, மாலை ஆறு மணி வரை நகரில் ஒரு சைக்கிளும் ஓடாது.”

செண்பகவடிவு ஜன்னலுக்கு ஓடினாள். கீழே மக்கள் சட்டையில் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு, ஒவ்வொருவராகச் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.