கவிழ்ந்த கோப்பை

தார்ப்பின் வீட்டுக்கு உதவி கேட்டு வந்த கிட்டி மார்லோ உட்காரவே மாட்டேன் என்றாள். நிறைமாதக்காரி, வந்த வேகத்தில் மேல்மூச்சு வாங்கியது. லார்க்ஃபீல்டு காலாட்படை முகாமின் சமையலறையில் பாத்திரம் தேய்க்க முந்தின நாள்தான் சேர்ந்திருந்தான் அவள் கணவன் ஜெம். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு அங்கேயே படுத்துவிட்டான். விடிந்து பார்த்தால் அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்திலிருந்த வெள்ளி முரசைக் காணோம். இப்போது அவன் காவலறையில் இருக்கிறான், மத்தியானம் போலீசில் ஒப்படைக்கப் போகிறார்கள்.

ஓய்வு பெற்ற துப்பறிவாளர் சைலஸ் தார்ப் நிதானமாகக் கோட்டை மாட்டினார். உதவியாளர் டோரா அதற்குள் தெருவுக்கே போய்விட்டாள். காத்திருப்பது என்றாலே அவளுக்கு நெருப்பின் மேல் நிற்பது போல.

முகாமின் சாப்பாட்டுக் கூடம் அலங்கோலமாகக் கிடந்தது. ஒரு ஜன்னல் உடைந்திருந்தது. ஓக் நாற்காலிகள் கவிழ்ந்து கிடக்க, தட்டுகளும் கோப்பைகளும் தரையில் நொறுங்கியிருந்தன. மேசையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி மட்டும் நேராக நின்றது. அதன் முன்னால் மேசை மேல் ஒரு கண்ணாடிக் கோப்பை உடையாமல், குப்புறக் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது.

அந்த இடம் போரில் செத்தவர்களுக்கு என்றார் கர்னல் ஹோல்ராய்டு. வலது கை மாவுக்கட்டில் தொங்கியது. வருடா வருடம் வெற்றி நாள் விருந்தில் அப்படி வைப்பதும், அதை யாரும் தொடாததும் இந்தப் படைக்கு மட்டுமே உள்ள வழக்கம். நேற்று நடந்ததே கடைசி விருந்து. இன்று மாலை இந்தப் படை இன்னொரு படையோடு இணைகிறது, முரசும் அவர்களுக்குப் போய்விடும். அதை வாங்கிப்போக அங்கிருந்து லெப்டினன்ட் பென்ரோஸ் விருந்து முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். இரவு இந்தக் கட்டடத்தில் தங்கியவர்கள் பென்ரோஸ், கர்னல், இந்தப் படையின் கேப்டன் ராட்லி, அப்புறம் ஜெம்.

டோராவுக்குக் கால் தரிக்கவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். "பென்ரோஸாத்தான் இருக்கும் சார். வாங்க, மணியாகுது."

"கொஞ்சம் நில்லும்மா, தலை சுத்துது." தார்ப் கர்னலிடம், முரசை அது இருந்த உயரமான அலமாரியிலிருந்து ஒரு கையால் இறக்க முடியுமா என்று கேட்டார். இரண்டு கையாலும் அணைத்துத்தான் இறக்கவேண்டும் என்றார் கர்னல். ஜெம் இந்தக் கூடத்துக்குள் வந்தானா என்று அடுத்துக் கேட்டார் தார்ப். அவனைச் சமையலறை தாண்டவே விடவில்லை என்று பதில் வந்தது.

தார்ப் எல்லாரையும் கூட்டச் சொன்னார். ராட்லி விறைப்பாக வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"திருடன் வந்த மாதிரி காட்டணும்னு எல்லாத்தையும் போட்டு ஒடச்சிருக்காங்க," என்றார் தார்ப். "இந்தக் கோப்பையில மட்டும் கை வைக்கல. வெளியாளுக்கு இது வெறும் கண்ணாடி. ஜெம்முக்கும் தெரியாது, நேத்து ராத்திரி வந்த பென்ரோஸுக்கும் தெரியாது. தெரிஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கை உடஞ்சிருக்கு."

ராட்லி அந்தக் கோப்பையையே பார்த்தார்.

"எங்க ஆளுங்க ரத்தம் சிந்திப் பிடிச்ச முரசு அது," என்றார் கடைசியில். "கண்டவன் கூடத்துல அலங்காரமா நிக்கறத பாக்க முடியல. முகாம் நீச்சல் குளத்துல உடை மாத்தற அறையில ஒளிச்சு வச்சிருக்கேன். அந்தப் பையன் மாட்டுவான்னு நான் நினைக்கல."

"காலையில மாட்டினப்போ ஏன் சொல்லல?"

ராட்லி பார்வையைத் தாழ்த்தினார்.

"செத்தவங்களோட இடத்துக்கு ஒரு கீறல் விழாம பாத்துக்கிட்டீங்க, கேப்டன். உயிரோட இருக்கிறவன் உள்ள கிடக்கறத பாத்துக்கிட்டு காலைச் சாப்பாடு சாப்பிட்டீங்க."

டோராவுக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. ராட்லி சாவியை வாங்கிக்கொண்டு தானே காவலறைக்குப் போய்க் கதவைத் திறந்தார். ஜெம் பதறி எழுந்து, கொண்டுபோக வந்துவிட்டார்கள் என்றெண்ணி, இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினான்.

"நான் எடுக்கலங்க ஐயா," என்றான். "நீங்களாவது நம்புங்க."