இளமதியின் வலது கால்

பதினோராவது நிமிடத்தில் இளமதி தண்ணீர் குடித்திருந்தாள்.

அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. டிரம் குச்சிகளை மடியில் போட்டு, கால் இரண்டையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, அரை பாட்டிலைக் காலி செய்தாள். நேற்று மாலை போனில் பதிவு செய்த ரெக்கார்டிங்கில் எல்லாமே இருந்தது. மூடி திருகும் சத்தம், மிடறு மிடறாகத் தண்ணீர் இறங்கும் சத்தம், அப்புறம் அலுத்துப்போன ஒரு 'ச்சே'.

அத்தனைக்கும் அடியில் பேஸ் டிரம் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் கேட்டாள். தும், துதும். தும், துதும். பேஸ் டிரம்மைக் கையால் யாரும் அடிப்பதில்லை. பெடலைக் காலால் மிதிக்க வேண்டும், அப்போதுதான் அதன் சுத்தியல் போய்த் தோலில் விழும். அவள் கால் இரண்டும் அந்த நேரத்தில் மடங்கிக் கிடந்தன.

'பக்கத்து வீட்டுத் தறியாக இருக்கும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

தறிச் சத்தத்தை நம்பித்தான் இந்த வீட்டுக்கே வந்தது. இதற்கு முன் இருந்த இரண்டு வீடுகளிலும் பத்து நாள் தாங்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். இன்னொருவர் கூப்பிட்டே விட்டார். இந்தத் தெருவில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை நாற்பது தறி ஓடுகிறது. அவள் பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து வந்து நாலரையிலிருந்து ஆறரை வரை என்ன அடித்தாலும் அந்த இரைச்சலில் கரைந்துவிடும்.

முன்னறையில் ஒரு குழி இருந்தது. பட்டு நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, மிதிக்கட்டைகளை மிதிப்பதற்கான தறிக்குழி. தறியைப் பிரித்துக்கொண்டு போனவர்கள் குழியை மூடாமல் பலகை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பலகையை எடுத்துப் பார்த்ததுமே இளமதிக்கு யோசனை வந்துவிட்டது. பழைய சாமான் கடையில் வாங்கிய சின்ன பேஸ் டிரம்மைப் பெடலோடு குழிக்குள் இறக்கினாள். சுற்றிலும் மணல் மூட்டை. மேலே பழைய போர்வை. கைக்கு எட்டும்படி எதிர் விளிம்பில் மற்ற டிரம்கள். நெசவாளி மாதிரியே குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைப் போர்வைக்கு அடியில் விட்டுக்கொண்டால், சத்தம் மண்ணோடு அமுங்கிவிடும். கால் என்ன செய்கிறது என்று கண்ணுக்குத்தான் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்த எண்கள் வரிசையாக நின்றன. நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு. அறுபதில் தொடங்கியது. எழுபது, எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. அப்புறம் தொண்ணூற்றாறு. மறுநாளும் தொண்ணூற்றாறு. இருபத்து மூன்று நாளாகத் தொண்ணூற்றாறு.

கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. போனில் பார்த்து, நிறுத்தி, மறுபடி பார்த்து, ஒன்பது மாதத்தில் கை இரண்டும் வந்துவிட்டன. வலது கால் மட்டும் வரவில்லை. அடுத்தடுத்து இரண்டு அடி விழ வேண்டிய இடத்தில் முதல் அடி சரியாக விழும், இரண்டாவது ஒரு மயிரிழை பிந்தி, நொண்டிக்கொண்டு வந்து சேரும். ஷூ போட்டுப் பார்த்தாள். கழற்றிப் பார்த்தாள். பெடலின் ஸ்பிரிங்கை மாற்றினாள். கணுக்காலில் உப்புப் பாக்கெட்டைக் கட்டிக்கொண்டு மிதித்தாள். குதிகால் தோல் உரிந்து பிளாஸ்திரி ஒட்டியதுதான் மிச்சம்.

மாணிக்கவேல் மாஸ்டர் மெல்லிசைக் குழு வைத்திருப்பவர். ஆடி மாதத்துக்கு மட்டும் பதினெட்டுக் கச்சேரி பிடித்திருந்தார். அவருடைய டிரம்மர் பெங்களூரு போய்விட்டான். போன வாரம் இளமதியின் வாசிப்பைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

"கை நல்லா வருதும்மா. கால்தான் தூங்கிகினு கீது. நூத்தி இருபதுல அஞ்சு நிமிசம் சறுக்காம வாசிச்சிட்டா எடம் உனுது. வெள்ளிக்கிழமை வா. இல்லன்னா களம்பூர்ல ஒரு ஆள் கேட்டுகினே கீறான், அவனுக்கு ஓகே சொல்லிடுவேன்."

இன்று வியாழன். அமாவாசை. பள்ளிக்கு லீவு சொல்லியிருந்தாள்.

அமாவாசையன்று இந்தத் தெருவில் தறி ஓடாது.

மதியம் வாசலில் அவள் அண்ணன் அஜித்குமார் வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான். தெருவே மலையனூர் கோயில் அமாவாசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு நெசவாளி முத்துவேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நாங்களே தறிக்கு லீவ் உட்டுட்டோம். நீயும் அந்த டப்பாக்கு ஒரு நாள் லீவ் உடேன் பாப்பா."

"நாளைக்கு டிரையல்ணா. இன்னிக்கி ஒரு நாள்தான் கீது."

"பெயிலாயிட்டா எனக்குக் குடுத்துடு," என்றான் அஜித்குமார். "குப்புறக் கவுத்துப் போட்டு வேன் தொடைக்கறப்ப ஏறி நிக்கலாம்."

"பெயிலு ஏன் ஆவுது?" என்றார் முத்துவேல். "காலைல வாசிக்கிற மாதிரி வாசிச்சா அந்த மாஸ்டரு கும்புட்டுக் கூட்டிகினு போவாரு."

"காலைலயா?"

"நேத்து ஒரு பத்து மணி இருக்கும். இந்த இரைச்சல்ல காதுல எங்க கேக்குது? என் குழியில காலை வச்சிகினு இருந்தனா, மண்ணு அதிருது. செவுத்துக்கு அந்தாண்டதான உன் குழி. இன்னா வேகம். எல்லப்பன் மாமா நெய்யிற மாதிரியே கீதுன்னு எங்க வூட்ல கூட சொன்னேன்."

நேற்றுப் பத்து மணிக்கு இளமதி பள்ளி ஆபீசில் அட்மிஷன் பாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருண்ணா எல்லப்பன்?"

"உங்களுக்கு முன்ன இந்த வூட்ல இருந்தவரு. கால்னா அது கால். நாங்க ஒரு மொழம் நெஞ்சா அவுரு ரெண்டு மொழம். சக்கரை முத்திப்போயி வலது கட்டைவெரல் கருத்துப்போச்சு. கணுக்காலோட எடுத்துட்டாங்க. எடுத்ததத் துணில சுத்தி, பொதைச்சுக்கோன்னு கைல குடுத்துட்டாங்க. எங்க பொதைச்சாருன்னு இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. இப்போ தேவிகாபுரத்துல மவன் வூட்ல கீறாரு. இல்லாத காலு சும்மா மிதிச்சிகினே கீது, தூங்க உட மாட்டேங்குதுன்னு ஒரே பேஜாராம்."

"நல்ல நாளும் அதுவுமா இன்னா கதைண்ணா," என்று அஜித்குமார் ஹாரனை அடித்தான். "ஜல்தி ஏறுங்க. அங்க வண்டி நிறுத்த எடம் கெடைக்காது."

வேன் திரும்பிப் போயிற்று. கூடவே தெருவின் கடைசிக் குரலும் போயிற்று.

இளமதி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். தெருவுக்கு இப்படி ஒரு அமைதி உண்டென்று அவளுக்குத் தெரியாது. எப்போதும் சுவரைத் தாண்டி வந்து முதுகில் மோதும் அந்தத் தறிகளின் சடக் சடக் இல்லாமல், சாயப்பட்டறைக் காற்றும் எங்கோ காயவைத்த பாவு நூலின் கஞ்சி வாடையும் மட்டும் ஜன்னல் வழியே வந்து, மூன்று மணி வெயிலில் தரையெல்லாம் படுத்துக்கிடந்தன. போர்வைக்கு அடியிலிருந்து ஈர மண்ணின் வாசனை வந்தது. இன்று அதோடு வேறொன்றும் கலந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியின் வாசனை. குதிகால் பிளாஸ்திரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு காலை உள்ளே விட்டாள்.

போனில் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தைத் தொண்ணூற்றெட்டில் வைத்தாள்.

இருபது நொடி. நொண்டியது.

மறுபடி. நொண்டியது. மறுபடி. அமைதியில் அந்தத் தவறு அசிங்கமாகக் கேட்டது. இத்தனை நாளும் தறிகள் மூடி மறைத்த தவறு, இன்று ஊரெல்லாம் கேட்கும்படி தடுக்கி விழுந்தது. நாளை மாஸ்டர் தாடையைத் தடவுவார். களம்பூருக்குப் போன் போடுவார்.

"செத்த காலு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "உன்னை வெட்டித்தான் போடணும்."

குச்சிகளைப் பக்கத்தில் தரையில் வீசினாள். கால் இரண்டையும் வெளியே இழுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கிளிக் மட்டும் ஓடியது.

தும், துதும்.

போர்வை லேசாக அதிர்ந்தது.

தும், துதும். தும், துதும்.

தறி இல்லை. தெருவில் ஆள் இல்லை. அவள் கால்கள் இதோ, அவள் கைக்குள்ளேயே இருந்தன. வலது காலில் பிளாஸ்திரி. விரல்களில் போன வாரக் கல்யாணத்துக்குப் போட்ட அரக்கு நிற நெயில் பாலிஷ்.

போனை எடுத்தாள். நிறுத்தத்தான் நினைத்தாள். விரல் கிளிக்கை நூறுக்கு ஏற்றியது.

குழியும் நூறுக்கு ஏறியது.

நூற்றுப் பத்து. சறுக்கவில்லை. நூற்று இருபது. இரண்டாவது அடி முதல் அடியின் முதுகிலேயே விழுந்தது. சுத்தமாக. வட்டமாக. ஒன்பது மாதமாக அவள் கெஞ்சிய அடி.

கதவு ஆறு எட்டு வைக்கும் தூரத்தில்தான் இருந்தது. எழுந்து போயிருக்கலாம். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கும் மேலே ஒன்று எரிந்தது. இது யாருக்கோ இவ்வளவு சுலபமாக வருகிறது என்ற எரிச்சல்.

போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள். போன் வெளிச்சத்தில் பெடல் தானாகத் தாழ்ந்தது, எழுந்தது. பக்கத்தில் ஒரு மணல் மூட்டை சரிந்திருந்தது. அதற்கு அடியில் இருந்த மண், உள்ளிருந்து யாரோ நெம்பியதுபோல விண்டிருந்தது. வேறு எதுவும் இல்லை.

அஞ்சே நிமிஷம், என்று நினைத்தாள். எப்படி மிதிக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

வலது காலை உள்ளே விட்டாள்.

பெடல் பனிக்கட்டியாக இருந்தது. அதன்மேல் கால் வைத்தாள். அவள் கால்மேல் இன்னொன்று வந்து அமர்ந்தது. குதிகாலுக்குக் குதிகால். விரலுக்கு விரல். அளவெடுத்ததுபோல.

அமுக்கியது.

நூற்று இருபது.

அவள் கைகள் தாமாகவே குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு டிரம்முக்குப் போயின. இடது, வலது, கால், கால். எதுவும் தடுக்கவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. இவ்வளவுதானா. இதற்கா இத்தனை நாள். நாலு நிமிடம். ஐந்து.

போன் அடித்தது. மாஸ்டர். வலது கையால் தாளத்தை விடாமல், இடது கையால் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"இளமதி, நாளைக்கு பத்துக்குப் பதிலா..." அவர் நிறுத்தினார். "பின்னால யாரும்மா வாசிக்கிறது?"

கால் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான் மாஸ்டர்."

"அந்தக் காலு?"

ஒரு நொடி யோசித்தாள்.

"என் கால்தான் மாஸ்டர்."

"அடிப்பாவி, ஒரு வாரத்துல இன்னா பண்ண? டிரையலும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாளைக்கு வந்து யூனிபாரத்துக்கு அளவு குடுத்துட்டுப் போ."

போன் அணைந்தது. கிளிக்கை நிறுத்தினாள். குச்சிகளை இறக்கினாள்.

"போதும்," என்றாள்.

கால் நிற்கவில்லை.

நூற்று முப்பது. தொடை வரை அதிர்ந்தது. இழுத்தாள். வரவில்லை. நூற்று நாற்பது. இரண்டு கையையும் தரையில் ஊன்றி இழுத்தாள். வாசனை குப்பென்று மேலே வந்தது. கட்டுத்துணி. நல்லெண்ணெய். அழுகல். நூற்று ஐம்பது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, ஒரே உதறல்.

வந்துவிட்டது.

வலிக்கவே இல்லை. ஈரத்தில் செருப்பைக் கழற்றுவதுபோல, மெதுவாக, வழுக்கிக்கொண்டு வந்தது.

புட்டத்தைத் தேய்த்துக்கொண்டே பின்னால் போய்ச் சுவரில் முதுகை ஒட்டினாள். வெயில் ஜன்னலைத் தாண்டிப் போயிருந்தது. குழியின் பக்கமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சத்தம் இல்லை.

பிறகு,

தும். து... தும்.

மெதுவாக. இளமதி மூச்சை நிறுத்திக் கேட்டாள்.

தும். து... தும்.

முதல் அடி சரி. இரண்டாவது ஒரு மயிரிழை பின்னால். நொண்டிக்கொண்டு. அந்த நொண்டலை அவளுக்குத் தெரியும். இருபத்து மூன்று நாளாகத் தெரியும். சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தாள்.

தொண்ணூற்றாறு.

போர்வை முழுதும் சரிந்து கிடந்தது. போன் வெளிச்சத்தை அங்கிருந்தே குழிக்குள் திருப்பினாள். பெடலின்மேல், கணுக்காலோடு முடிந்த ஒரு கால். குதிகாலில் பிளாஸ்திரி. விரல்களில் அரக்கு நிறப் பாலிஷ். தட்டுத்தடுமாறி, விடாமல், பழகிக்கொண்டிருந்தது.

இளமதி குனியவில்லை. தன் முன்னால் நீண்டு கிடந்த இரண்டு கால்களையும் பார்க்க மாட்டேன் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பார்க்காமலே தெரிந்தது. பாவாடை ஓரத்துக்குக் கீழே, வலது பக்கம், வெடித்துப்போன ஒரு குதிகால் சிமெண்டுத் தரையில் உரசியது. மிதிக்கட்டை தேடிப் பழகிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. நகமில்லாத, கருத்த கட்டைவிரல் ஒருமுறை மேலே எழுந்து நின்றது.

தரையில் தாளம் போடத் தொடங்கியது.

நூற்று இருபதில். சறுக்காமல்.