மதில் இல்லாத செல்

சொல்லாமலே இருந்துவிடலாமா? யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால் லாவண்யா இனி என்னோடு பேசவே மாட்டாள். சொல்லாவிட்டால் எல்லார் முன்னாலும் நின்று நான்தான் தப்பைச் சரியென்று சொல்ல வேண்டும்.

கலைவாணியின் மனசு காலையிலிருந்து இதையே அரைத்துக்கொண்டிருந்தது.

பட்டாபிராமில் இருந்த அவர்கள் பள்ளியில் அன்று அறிவியல் கண்காட்சி. ஏழாம் வகுப்பின் மேசைமேல் ஒரு அகலமான பலகை. அதில் வட்டமாக, சாண் உயரத்துக்கு ஒரு தெர்மாகோல் மதில். மதிலுக்குள் கெட்டியான ஜவ்வரிசிக் கூழ். கூழில் ஒரு பந்து, சில வேர்க்கடலைகள், மடித்து அடுக்கிய ரிப்பன்கள், சிவப்பு மணிகள். எதிரே அட்டையில் எழுதியிருந்தது: 'விலங்கு செல் – ஒரு தொழிற்சாலை.'

யோசனை லாவண்யாவுடையது. அவள், கலைவாணி, ஸ்ரீநாத் மூன்று பேரின் அப்பாக்களுக்கும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில்தான் வேலை. மூன்று பேரின் வீடும் குவார்ட்டர்ஸில்தான். அதனால் செல்லையும் அவர்கள் தொழிற்சாலை மாதிரியே கட்டிவிட்டார்கள்.

"நடுவுல இருக்கிற பந்து உட்கரு. இது ஜி.எம். ஆபீஸ். எல்லா உத்தரவும் இங்கேருந்துதான் போகும்," என்று லாவண்யா ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ரிப்பன் கோல்கை உறுப்பு. பேக்கிங் செக்‌ஷன். எந்தச் சரக்கு எங்கே போகணுமோ, கட்டி அனுப்பும். சிவப்பு மணி லைசோசோம். கழிவை எல்லாம் செரிச்சு முடிச்சிடும். ஸ்ரீநாத், உன் பகுதியைச் சொல்லு."

ஸ்ரீநாத் வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னான். "வேர்க்கடலை மைட்டோகாண்ட்ரியா. பவர் ஹவுஸ். இதுலேருந்துதான் சக்தி வரும். அப்புறம் ரைபோசோம், புரதம் செய்யிற பட்டறை..."

"ரைபோசோம் எங்கடா? நேத்து நிறைய ஜீரக மிட்டாய் போட்டிருந்தேனே?"

"கொஞ்சம் கீது பாரு."

"டேய், ரைபோசோமையா தின்னுகிட்டு இருக்கே?"

கலைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது அவள் பகுதி. மதில்.

அவர்கள் மூன்று பேரும் மதில் இல்லாத இடத்தைப் பார்த்ததே கிடையாது. தொழிற்சாலையைச் சுற்றி மதில். குவார்ட்டர்ஸைச் சுற்றி மதில். ரயில் பாதையைத் தாண்டி ராணுவக் கிடங்கைச் சுற்றியும் மதில். செல்லுக்கு மட்டும் இல்லாமல் இருக்குமா? யாரும் யோசிக்கவே இல்லை. ஸ்ரீநாத் ஒரு வாரம் உட்கார்ந்து செங்கல் செங்கலாகக் கோடு போட்டு, மேலே முள்கம்பி கூடச் சுற்றிவிட்டான். அறிவியல் எடுக்கும் சுதா மிஸ் பூந்தமல்லிக்குப் பயிற்சிக்குப் போயிருந்ததால் திருத்தவும் ஆள் இல்லை.

நேற்று இரவு பேச்சை மனப்பாடம் செய்யும்போதுதான் கலைவாணி புத்தகத்தில் படத்தைப் பார்த்தாள். தாவர செல்லைச் சுற்றித் தடித்த சுவர் இருந்தது. விலங்கு செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு மட்டும்தான்.

"கலை, ஏன் மரம் மாதிரி நிக்கிறே? சொல்லுடி," என்றாள் லாவண்யா.

கலைவாணி புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

"லாவண்யா... விலங்கு செல்லுக்கு மதிலே கிடையாதுடி. செடி செல்லுக்குத்தான் உண்டு."

லாவண்யா அவளை முறைத்தாள்.

"இப்போ வந்து சொல்றே? நேத்து உன் வாய் எங்க போயிருந்துச்சு?"

"நேத்து ராத்திரிதான் பார்த்தேன். நீயே பாரு." கலைவாணி புத்தகத்தை நீட்டினாள். லாவண்யா படத்தைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

ஸ்ரீநாத் தன் மதிலைத் தடவிக்கொடுத்தான். "மதில் இல்லாங்காட்டி கண்டவனும் உள்ள பூந்துடுவானே?"

"அதுக்குத்தான் சவ்வு இருக்கு. கேட்ல நிக்கிற செக்யூரிட்டி மாதிரி. வேண்டியதை உள்ளே விடும். வேண்டாததை விடாது," என்றாள் கலைவாணி.

"மதில் கிடையாது, செக்யூரிட்டி மட்டும் கீறாரா? இன்னா பேக்டரி இது?"

"உன் கன்னத்தைக் கிள்ளி இழுத்துப் பாரு."

ஸ்ரீநாத் இழுத்துப் பார்த்தான். கன்னம் ரப்பர்போல வந்தது.

"அது முழுக்க செல்தான். ஒவ்வொண்ணையும் சுத்தி மதில் கட்டியிருந்தா இப்படி வருமா? மரப்பட்டை மாதிரில்ல இருக்கும்?"

ஸ்ரீநாத் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டான். "ஒரு வாரம் போச்சே!" அட்டை வெட்டும் கத்தியை அவனே எடுத்தான்.

"வேணாம்டா, இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு!" என்று லாவண்யா கத்துவதற்குள் மதிலின் ஒரு பக்கம் பிரிந்துவிட்டது.

அடுத்த நொடி கூழ் புறப்பட்டது.

பலகையைத் தாண்டி, மேசையில் பரவி, விளிம்பில் தொங்கியது. மைட்டோகாண்ட்ரியா இரண்டு தரையில் விழுந்தன. உட்கரு உருண்டு எட்டாம் வகுப்பு எரிமலைக்கு அடியில் போய் நின்றது.

"போச்சு! எல்லாத்தையும் கெடுத்துட்டே!" லாவண்யாவின் குரல் உடைந்தது.

கலைவாணி வழியும் கூழையே பார்த்தாள். பேசாமல் இருந்திருக்கலாமோ? மதில்தானே எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்திருந்தது! இப்போது எதை வைத்துத் தாங்குவது?

மேசைக்கு அடியில், கூழைக் கொண்டுவந்த கண்ணாடி மாதிரியான கெட்டி பிளாஸ்டிக் பை கிடந்தது. அதை எடுத்து விளிம்பில் பிடித்தாள். "தள்ளுங்க! எல்லாத்தையும் இதுக்குள்ள தள்ளுங்க!"

ஸ்ரீநாத் இரண்டு கையாலும் வழித்துத் தள்ளினான். எரிமலைக்கடியில் புகுந்து உட்கருவை மீட்டு வந்தான். வேர்க்கடலை, ரிப்பன், மணி எல்லாம் உள்ளே போயின. பையின் வாயைக் கட்டக் கயிறு இல்லை. கலைவாணி இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றும்முற்றும் தேடினாள்.

லாவண்யா தன் தலையிலிருந்த ரப்பர் பேண்டை உருவி நீட்டினாள்.

மிச்ச மதிலையும் பிரித்து எடுத்துவிட்டு, கட்டிய பையைப் பலகையில் வைத்தார்கள். பை மெல்ல ஆடி நின்றது. ஸ்ரீநாத் விரலால் அமுக்கினான். உள்ளே உட்கரு நகர்ந்தது. ரிப்பன்கள் நெளிந்தன. விரலை எடுத்ததும் பை பழையபடி உப்பிக்கொண்டது.

"உயிரோட கீற மாதிரியே கீது!" என்றான் ஸ்ரீநாத். லாவண்யாவும் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவையும் தொட்டாள்.

அப்போதுதான் தலைமையாசிரியர் சிவராமன் வேகமாக வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"விருந்தினர் வந்துட்டார். முதல்ல உங்க மேசைதான். எங்கம்மா அந்த மதில்?" பையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "நேத்து எவ்வளவு அழகா இருந்தது! அவர் உங்க அப்பாங்க தொழிற்சாலையிலதான் அதிகாரி. அதே மதில், அதே முள்கம்பின்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேனே!"

"சார், விலங்கு செல்லுக்கு மதில் கிடையாது," என்றாள் கலைவாணி. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"சரிம்மா, இருக்கட்டும். அவர் என்ன பரீட்சையா வைக்கப்போறார்? பார்த்துட்டுப் போயிடுவார். அதுவரைக்கும் இந்தப் பையைச் சுத்தி மதிலை நிறுத்தி வை. அவர் போனதும் எடுத்துடு."

வெட்டிய மதில் ஸ்ரீநாத்தின் காலடியில் சாய்ந்து நின்றது. முள்கம்பி மட்டும் ஒரு பக்கம் கழன்றிருந்தது. நிறுத்தி வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. கொஞ்ச நேரம்தானே, தலைமையாசிரியரே சொல்கிறாரே என்றது கலைவாணியின் மனசு. அதே மனசின் இன்னொரு ஓரம், அந்தக் கொஞ்ச நேரமும் நீதானே பேச வேண்டும் என்றது.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேளம் அடித்தார்கள்.

"சீக்கிரம், சீக்கிரம்!" என்றார் தலைமையாசிரியர்.

லாவண்யா கலைவாணியைப் பார்த்தாள். ஸ்ரீநாத் கலைவாணியைப் பார்த்தான்.

கலைவாணி பையின் மேல் கையை வைத்தாள். குளிர்ச்சியாக, மெத்தென்று, அவள் உள்ளங்கைக்கு ஏற்றபடி அது வளைந்து கொடுத்தது.

"வேண்டாம் சார்," என்றாள் மெதுவாக. "இது இப்படியே இருக்கட்டும்."