சின்னக் கண்களைத் தேடி

டார்ச்சுக்கு ஒன்பது வயது. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும்தான் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அவள் டார்ச்தான்.

காரணம் அவளுடைய அப்பா. அவருக்குக் கிட்டத்தில் இருப்பது கண்ணாடி இல்லாமலே தெரியும். அதனால் எதையாவது படிக்க உட்கார்ந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிடுவார். எங்கே வைத்தோம் என்று அடுத்த நிமிடமே மறந்தும் போவார். ஃபிரிட்ஜ் மேல், செருப்பு அலமாரியில், ஒருமுறை துவைக்கப் போட்ட சட்டைப் பையில் என்று டார்ச்தான் ஒவ்வொரு முறையும் தேடிக் கொடுப்பாள்.

கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடி தள்ளி நிற்பது ஆளா அலமாரியா என்று அப்பாவுக்குத் தெரியாது. கதவில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்து, "வாங்க வாங்க, ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்று கேட்ட மனிதர் அவர்.

அப்படிப்பட்ட அப்பாதான் இப்போது வெளிநாட்டில், மலைப்பாதையில், வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியில் எல்லாமே தலைகீழ். திரும்பும் விளக்கைப் போடலாம் என்று அப்பா கையை வைத்தால் வைப்பர் ஆடும். வெயில் கொளுத்தும்போது ஒவ்வொரு வளைவிலும் வைப்பரை ஆட்டிக்கொண்டு போன ஒரே கார் அதுவாகத்தான் இருக்கும்.

"மறுபடியும் மழையாப்பா?" என்று டார்ச் கேட்பாள்.

"சும்மா வா" என்பார் அப்பா.

அம்மா எதற்கும் சிரிக்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டார்ச்சின் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, ஒரு கப்பலில் நர்ஸ். அந்தக் கப்பல் இன்று மதியம் இரண்டு மணிக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் துறைமுகத்துக்கு வரும். நாலு மணிக்குக் கிளம்பிவிடும். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்து ஐந்து வருடம் ஆகிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

மலை உச்சியில் சாலையோரமாக ஒரு சின்ன தேநீர்க் கடை இருந்தது. பக்கத்தில் தண்ணீர்க் குழாய். எதிரே கம்பித் தடுப்பு. தடுப்புக்கு அப்பால் கிடுகிடு பள்ளம், பள்ளத்தின் மறுபக்கம் ஓர் அருவி.

"முகம் கழுவிட்டு வந்துடறேன். இதைப் பிடி" என்று அப்பா கண்ணாடியை டார்ச்சிடம் கொடுத்தார்.

அவள் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருக்கலாம். ஆனால் கையில் கண்ணாடி, எதிரே அருவி. அப்பாவின் கண்ணாடி வழியாக அருவி எப்படித் தெரியும்? அவள் அதை மாட்டிக்கொண்டு தடுப்பைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

அவ்வளவுதான். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. வெயிலில் ஒருமுறை மின்னியது. பிறகு காணவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த அப்பா, தேநீர்க் கடைக் கம்பத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"குடும்மா."

"அப்பா... நான் இங்க இருக்கேன்" என்றாள் டார்ச். "கண்ணாடி கீழ விழுந்துடுச்சு. நான்தான் போட்டுப் பார்த்தேன்."

அப்பா திட்டவில்லை. கண்ணைக் கொட்டிக்கொட்டிப் பள்ளத்தின் பக்கம் பார்த்தார். அவருக்கு அங்கே பள்ளமே தெரிந்திருக்காது. "பரவாயில்லை, இன்னொண்ணு வச்சிருக்கேன்" என்று காருக்குள் தடவி, கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார்.

கூட்டுக்குள் துடைக்கும் துணி மட்டும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"கூட்டைக் கொண்டு வந்தீங்க. கண்ணாடியை?" என்றாள் அம்மா.

"மேசை டிராயர்ல பத்திரமா இருக்கு" என்றார் அப்பா சின்னக் குரலில்.

மணி பன்னிரண்டு. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அம்மா கடை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. கைப்பையைத் திறந்து பெரியம்மாவுக்காகப் பின்னிய நீலக் கம்பளிச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோதுதான் டார்ச்சுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடைக்கார அம்மா என்னவோ கேட்டார். அந்த ஊர் மொழியில் இவர்கள் மூவருக்கும் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. டார்ச் விரல்களை வட்டமாக வளைத்துக் கண்ணில் வைத்துக் காட்டினாள். பிறகு பள்ளத்தைக் காட்டி, "தொப்" என்றாள். அப்பாவைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு காற்றில் துழாவினாள்.

கடைக்கார அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. உடனே தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அப்பாவின் முகத்தில் மாட்டினார்.

"எப்படிப்பா இருக்கு?"

"எல்லாம் பூசணிக்காய் மாதிரி இருக்கு" என்றார் அப்பா.

அதற்குள் லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்தார். அவர் ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையைச் சுற்றி, நான் ஓட்டித் தரட்டுமா என்று கேட்டார். அப்பா வாடகைத் தாளை நீட்டினார். அதில் அப்பா மட்டும்தான் ஓட்டலாம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் படித்த லாரி டிரைவர் தலையைச் சொறிந்தார். பிறகு அவரும் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை டார்ச் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். சைக்கிளில் மலையேறி வந்தவர் கழற்றினார். எதிர்த் திசையில் போகிற இரண்டு கார்கள் நின்றன. அதிலிருந்து இறங்கியவர்களும் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கழற்றினார்கள். யாரும் நீங்கள் யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. அப்பாவுக்கு முன்னால் ஒரு வரிசையே உருவாகிவிட்டது. எல்லோரும் வெறும் முகத்தோடு, கண்ணைக் கொட்டிக்கொண்டு, சோதனைக்கு வந்த பிள்ளைகள் போலக் காத்து நின்றார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக இத்தனை பேர் தங்கள் கண்ணையே கழற்றித் தருவார்களா?

ஆனால் ஒரு கண்ணாடியும் சரிப்படவில்லை. ஒன்றில் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது. ஒன்றில் எல்லாம் கோணலாகத் தெரிந்தது. சைக்கிள்காரருடையதில் எந்த வித்தியாசமும் இல்லை. அது வெறும் வெயில் கண்ணாடி. ஆசையாகக் கொடுத்துவிட்டார், பாவம்.

எல்லோரும் கண்ணாடிகளைத் திரும்ப மாட்டிக்கொள்ளும்போதுதான் டார்ச் அதைக் கவனித்தாள். கண்ணாடி போட்டதும் கடைக்கார அம்மாவின் கண்கள் பெரிதாகிவிட்டன. லாரி டிரைவருக்கும் அப்படித்தான்.

அப்பாவின் கண்கள் அப்படி இல்லையே! கண்ணாடிக்குப் பின்னால் அவை சின்னதாக அல்லவா தெரியும்? எத்தனை முறை கண்ணாடியைத் தேடி அப்பா முகத்தில் அவளே மாட்டிவிட்டிருக்கிறாள். மாட்டிய உடனே கண்கள் இரண்டும் உளுந்து அளவுக்குச் சுருங்கிவிடும்.

"அம்மா, கண்ணு பெருசா தெரியறவங்க கண்ணாடி அப்பாவுக்கு ஆகாது. சின்னதா தெரியணும்!"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கார்க்காரர்களின் முகங்களைப் பார்த்தாள். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். அவர்களும் சளைக்காமல் குனிந்து, கண்ணை அகல விரித்துக் காட்டினார்கள். யாருக்கும் சின்னக் கண் இல்லை.

கடைக்குப் பின்னால் ஒரு வேன் நின்றிருந்தது. வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர்களின் வேன். அதனுள் ஏணி, வாளி, பெயின்ட் டப்பாக்கள், நடுவே நாலு ஆட்கள். ஓர் எறும்புக்குக்கூட இடமில்லை. ஜன்னலோரமாக ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்ணாடியெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருந்தன.

டார்ச் ஜன்னலை மெல்லத் தட்டினாள். பெயின்டர் அக்கா கண்ணைத் திறந்தாள்.

உளுந்து! இரண்டு சின்னஞ்சிறு கண்கள்! முன்பின் தெரியாத ஓர் அக்காவின் முகத்திலிருந்து அப்பாவின் கண்கள் அவளைப் பார்த்தன.

"அப்பா!" என்று டார்ச் கத்திய கத்தலில் லாரி டிரைவர் தேநீரைக் கொட்டிக்கொண்டார்.

பெயின்டர் அக்கா இறங்கி வந்தாள். விஷயம் புரிந்ததும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கழற்றி அப்பாவின் மூக்கில் மாட்டினாள். அப்பா திரும்பினார். கடையைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

"உன் முகம் தெரியுது" என்றார். "கொஞ்சம் பனி பெய்யுது, அவ்வளவுதான்."

அம்மா முதல் முறையாகச் சிரித்தாள்.

வேனின் மேஸ்திரி லேசில் விடுகிற ஆள் இல்லை. தூரத்தில் நிற்கும் லாரியின் நம்பரைக் காட்டி, படி என்று சைகை செய்தார். அப்பா ஒவ்வோர் எண்ணையும் விரலால் காட்டினார். பிறகு சைக்கிள்காரரைத் தூரமாக அனுப்பி, எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்லச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கடைக்கார அம்மா கை தட்டினார்.

வேனும் துறைமுகத்துப் பக்கம்தான் போகிறது. நான் முன்னால் மெதுவாகப் போகிறேன், பின்னாலேயே வாருங்கள் என்று மேஸ்திரி கையால் சொன்னார். பெயின்டர் அக்கா காரில், டார்ச்சுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கண்ணாடி போகிற இடத்துக்குத்தானே அவளும் போக வேண்டும்?

வண்டி கிளம்பியது. அப்பா வழக்கம்போல வைப்பரை ஆட்டினார்.

ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போகிற வேனிலிருந்து ஒரு கை நீண்டு வழி காட்டியது. வெளியே பச்சைப் பசேலென்று பள்ளத்தாக்கு விரிந்தது. டார்ச் திரும்பிப் பார்த்தாள். பெயின்டர் அக்கா ஜன்னலில் முகத்தை வைத்து, கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது மலையும் இல்லை, மேகமும் இல்லை. எல்லாம் ஒரே கலங்கலாகத்தான் தெரியும்.

'எங்களுக்காகத்தானே' என்று டார்ச் நினைத்தாள்.

அவள் அக்காவின் உள்ளங்கையை மெல்லப் பிடித்து, விரலால் அதில் வரைந்தாள். மேலே கீழே, மேலே கீழே என்று கூர்கூராக மூன்று மலை. அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கையை உயரத் தூக்கிக் காட்டினாள். டார்ச் சரி என்பதற்கு அடையாளமாக உள்ளங்கையை இரண்டு முறை அழுத்தினாள்.

அடுத்து ஒரு பாலம். அடுத்து நெளிநெளியாக ஆறு. புல்வெளியில் ஒரு கூட்டம் வந்தபோது நிறைய சின்ன வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு கால் வைத்தாள். அக்காவுக்குப் புரியவில்லை. மறுபடியும் வரைந்தாள்.

"ம்மே?" என்றாள் அக்கா.

"ம்மே!" என்று குதித்தாள் டார்ச்.

"ஆடு எல்லா நாட்டுலயும் ஒரே பாஷைதான் பேசும்போல" என்றார் முன்னாலிருந்து அப்பா.

துறைமுகம் வரும்வரை டார்ச் அந்தக் கையை விடவே இல்லை. வழி முழுவதையும் அந்த உள்ளங்கையில் வரைந்து முடித்திருந்தாள். கடைசியாகத் தூரத்தில் நீலம் தெரிந்தபோது, ஒரே ஒரு நீளக் கோடு போட்டாள். அக்கா மூக்கை உறிஞ்சி உப்புக் காற்றை முகர்ந்து, தலையாட்டினாள்.

மணி மூன்று பத்து.

வண்டியை நிறுத்தியதும் அப்பா முதல் வேலையாகக் கண்ணாடியைத் துடைத்து, இரண்டு கையாலும் பெயின்டர் அக்காவிடம் நீட்டினார். அவள் மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், டார்ச்சை வெகுநேரம் பார்த்தாள்.

அதற்குள், "அக்கா!" என்று அம்மா ஓட ஆரம்பித்துவிட்டாள். துறைமுக வாசலில் வெள்ளைச் சீருடையில் நின்ற பெரியம்மாவும் ஓடி வந்தார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு ஒரே சமயத்தில் பேசினார்கள், ஒரே சமயத்தில் அழுதார்கள். ஐம்பது நிமிடம் முழுதாக மீதி இருந்தது.

"வாங்க அண்ணி! ரொம்ப இளைச்சுட்டீங்களே!" என்று அப்பாவும் பாசமாக வரவேற்றார், பக்கத்தில் இருந்த விளக்குக் கம்பத்தை.

டார்ச் அவரைத் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பி விட்டாள்.

நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெரியம்மா கப்பலேறிப் போன பிறகு, மேஸ்திரி அவர்களை ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார். "ரெண்டா செய்யச் சொல்லுங்க" என்றாள் அம்மா. காத்திருந்த நேரத்தில் அப்பா அசடு வழிந்துகொண்டு காலிக் கூட்டை எடுத்துக் காட்ட, பெயின்டர் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வேனிலிருந்து தூரிகையைக் கொண்டுவந்து, அந்தக் கறுப்புக் கூட்டின் மேல் வெள்ளையில் இரண்டு புள்ளி வைத்தாள்.

இரண்டு சின்னஞ்சிறு கண்கள்.

இதற்குப் பிறகு அப்பா கண்ணாடியைத் தொலைக்கவே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். போன வாரம்கூட டார்ச் அதைப் பாத்திரத் தட்டிலிருந்து எடுத்தாள். ஆனால் அந்தக் கூட்டையும் அதற்குள் இருக்கும் இரண்டாவது கண்ணாடியையும் அப்பா தொடுவதில்லை. அது எப்போதும் அவர்களுடைய சொந்த வண்டியில்தான் இருக்கும்.

"அது நமக்கு இல்லம்மா" என்பார்.

எங்கே வண்டி நின்றாலும் டார்ச் முதலில் இறங்கி, யாராவது கண்ணை இடுக்கிக்கொண்டு, கம்பத்திடம் பேசிக்கொண்டு நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பாள். இதுவரை ஒருவரும் அகப்படவில்லை. அதனால் என்ன? இரண்டு வெள்ளைக் கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு, கூடு காத்திருக்கிறது.