ஏழு வரி குறைகிறது

பட்டியலை எடுக்கும் பழைய குவெரி 4218 வரி என்றது. அவள் மாற்றி எழுதிய புதியது 4211 என்றது. ஏழு வரிகளைக் காணோம்.

விடுமுறை நாளின் பிற்பகல். இறைச்சித் தொழிற்சாலையின் மாடி அலுவலகத்தில் அவளும் அவள் கணவனும் மட்டும். கீழே வெட்டுக்கூடத்தில் இயந்திரங்கள் ஓய்ந்திருக்க, எத்தனை முறை கழுவியும் தரையை விட்டுப் போகாத ரத்த வாடையும் அதன்மேல் தூவிய பிளீச்சிங் பவுடரின் காரமும் படிக்கட்டு வழியே மெல்ல ஏறிவந்து, அவள் நாக்கின் அடியில் ஒரு பழைய செப்புக்காசைப் போலக் கிடந்தன. நாளை காலை புதிய மென்பொருளுக்கு மாறியாக வேண்டும். குளிர் அறைகளுக்குள் யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்ற பட்டியல்தான் பாக்கி.

"உன் ஏழு வரி கிடைக்கறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்," என்றான் கணவன். "கதவு திறக்க உன் கார்டைக் கொடு. கீழ காபி மெஷின் இருக்குல்ல?"

"இருக்கு. போற வழியில எங்கேயாவது தூங்கிடாத."

கழுத்திலிருந்து கழற்றி வீசினாள். மோதிரம் போட்ட கையால் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

குழுத் தலைவர் செல்பேசியில் இருந்தார். கழுத்து நீளத்தால் அலுவலகம் முழுக்க அவருக்குக் கொக்கு என்று பெயர். வீட்டிலிருந்தபடியே அதே பட்டியலைத் திறந்து வைத்திருந்தார்.

"உள்ள போனதையும் வெளிய வந்ததையும் சேர்க்கிற ஜாயினைப் பாரும்மா. வெளியேறின நேரத்துக்குப் போட்ட கண்டிஷன் எங்க இருக்கு?"

பார்த்தாள். ஜாயினோடு இருந்ததைக் கடைசி வடிகட்டி வரிக்கு இறக்கியிருந்தாள். நுழைந்து வெளியேறாதவர்களுக்கு அந்தக் கட்டம் வெற்று. வெற்றாக இருப்பவர்களை அந்த வரி சத்தமில்லாமல் கழித்துவிடும்.

"அட, ஆமா சார். கண்ணைத் திறந்துக்கிட்டே விழுந்திருக்கேன்."

"எல்லாரும் விழற குழிதான்."

கண்டிஷனை மேலே ஏற்றினாள். வெற்றானவர்களை மட்டும் தனியே வரவழைத்தாள். ஏழு பேர். ஏழு பேரும் நான்காம் குளிர் அறை. ஏழும் விடுமுறை நாட்கள். மூன்றாவது பெயர் அவளுக்குத் தெரிந்தது. இந்த நாற்காலியில் அவளுக்கு முன் உட்கார்ந்திருந்தவன்.

"அவனா? சொல்லாம கொள்ளாம ஓடிட்டானே," என்றார் கொக்கு.

"ஓடலை சார். உள்ள போயிருக்கார். வெளிய வரலை."

"கதவு மெஷின் கோளாறா இருக்கும். குவெரியை மறுபடி ஓட்டு."

ஓட்டினாள்.

எட்டு.

எட்டாவது வரியில் அவளுடைய கார்டு எண். நான்காம் குளிர் அறை. நுழைந்தது இரண்டு நிமிடம் முன்பு. வெளியேறியது வெற்று.

கீழே எலும்பு அறுக்கும் ரம்பம் ஓடத் தொடங்கியது. முதலில் கொசு போல மெலிந்த ரீங்காரம். பிறகு எதிலோ கடித்து, கனத்து, தடுமாறி, மறுபடி கடித்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. அவள் பெயரின் முதல் பாதி. மறுபாதியை ரம்பம் தின்றது.

படிகளில் உருண்டு எழுந்து ஓடினாள். செல்பேசி இன்னும் கையில்.

நான்காம் கதவு. பூட்டியிருந்தது. கார்டு இல்லை. பிறாண்டினாள். நகங்கள் பெயர்ந்தன. வட்டக் கண்ணாடிக்குள் உறைபனி, அதன் பின்னால் கொக்கிகள். ஏழில் எதுவோ தொங்கியது. ஏழும் அசையவில்லை. எட்டாவது ஆடிக்கொண்டிருந்தது.

கதவின் அடியிலிருந்து ரத்தம் வந்தது. வெதுவெதுப்பாக. ஆவி பறக்க. அவள் கால்விரல்களைச் சுற்றிக்கொண்டது.

ரம்பம் நின்றது.

உள்ளே ஒரு சின்ன 'பீப்'. பச்சை விளக்கு.

"நான் சொல்லலையா, கோளாறுதான்," என்றார் கொக்கு. குரலில் சிரிப்பு. "இப்ப ஏழுதாம்மா காட்டுது. எட்டாவது ஆள் வெளிய வந்தாச்சு."

கண்ணாடியில் பனி விலகியது. உள்பக்க மெஷினில் அவள் கார்டு அழுந்தியிருந்தது. அதைப் பிடித்திருந்த விரலில் மோதிரம். அந்தக் கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. அதைப் பிடித்திருந்தது இன்னொரு கை.

கதவு அவள் பக்கமாகத் திறக்கத் தொடங்கியது.