நடு அறையின் நீலப் பொட்டு

நிர்மலாதேவி அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே போனால் மூன்றாவது தெரு. ஒரு கையில் பால் பாத்திரம், இன்னொரு கையில் ஏழு வயது மகள் துர்கா. கணவன் கத்தாரில் இருந்தான். வேனில் வந்த சாமான்களை ஒற்றை ஆளாக நின்று மேலே ஏற்றினாள்.

இந்த வீடு கிடைக்க அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. உழவர்கரை முழுக்கச் சுற்றி, பதினோரு வீட்டுப் படி ஏறி இறங்கியிருந்தாள். துர்காவுக்கு வலிப்பு வரும் என்று தெரிந்த நிமிடமே வீட்டுக்காரர்களின் முகம் மாறிவிடும். "சொந்தக்காரங்க வராங்கம்மா" என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். இந்த வீட்டுக்காரி, கீழே குடியிருக்கும் செல்வாம்பாள் மட்டும்தான், "கொழந்தைக்கு நோவு வந்தா அது இன்னாம்மா பண்ணும் பாவம்? நீ வா" என்றாள். அந்த வார்த்தைக்கு நிர்மலா அழுதேவிட்டாள்.

மாடியில் மூன்று அறைகள் வரிசையாக இருந்தன. நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டி நின்றதால் உச்சி வெயிலிலும் உள்ளே கும்மிருட்டு. துர்காவுக்கு அதுதான் வேண்டும். டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: தூக்கம் கெடக் கூடாது, மின்னுகிற வெளிச்சம் கண்ணில் படக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டி ஒருமுறை இழுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் பிள்ளையின் பாயை அந்த அறையில்தான் விரித்தாள்.

மூலையில் ஒரு மேசையும் அதன்மேல் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன.

"எம் பையன் ஹரிகிருஷ்ணனோடது," என்றாள் செல்வாம்பாள். "போன வைகாசில தவறிட்டான். நீதான் டைப் அடிக்கிற வேலை பண்றியே, வெச்சிக்க."

நிர்மலாவுக்குச் சந்தோஷம். பிள்ளையை விட்டு வெளியே போக முடியாதவளுக்கு அந்தப் பெட்டி பெரிய உதவிதான்.

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு நீல லைட். அளவில் மிளகுதான் இருக்கும். ஆனால் அறை மொத்தமும் அதன் கையில்! சுவர், கூரை, மின்விசிறியின் இறக்கை, கொசுவலை, துர்காவின் நெற்றி என்று எல்லாம் நீலம். சரி, எரிந்துவிட்டுத்தான் போகட்டுமே என்றால் அதுவும் இல்லை. எரியும், அணையும், எரியும். எந்தப் புண்ணியவான் இதைச் செய்தானோ! பெட்டி ஓடுகிறது என்று சொல்ல ஒரு துளி வெளிச்சம் போதாதா? நடுக்கடலில் கட்டுமரம் வழிதவறிப் போகிறதா என்ன, கலங்கரை விளக்கம் போட்டுக் கூப்பிட? இப்படிப்பட்ட லைட்டைக் கண்டுபிடித்தவன் ஒரு நாளாவது அதன் எதிரில் படுத்துப் பார்த்திருப்பானா?

நிர்மலா எழுந்து, நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினாள். பொட்டைச் சுற்றி நீலம் வழிந்தது. கறுப்பு டேப்பை இரண்டு சுற்று ஒட்டினாள். டேப்பையும் ஊடுருவியது. பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். இப்போது சுவரே மின்னியது. எரிச்சல் தாங்காமல் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிப் போட்டாள்.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

உள்ளே கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்கும், தீர்ந்தால் அணையும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். துர்காவைச் சமையல்கட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். அங்கே தெருவிளக்கும் லாரிச் சத்தமும். பிள்ளை ஒரு பொட்டுக்கூடக் கண்ணை மூடவில்லை.

மறுநாள் மதியம், சோறு ஊட்டிவிட்டு நிர்மலா கை கழுவப் போன நேரம். தூக்கம் சொக்கிய பிள்ளை தானாகவே நடு அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். உள்ளேயிருந்து 'தட் தட்' என்று தரையில் எதுவோ இடிக்கும் சத்தம் கேட்டது.

துர்காவின் தலை.

நிர்மலா பாய்ந்து பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். செல்போனில் நேரம் பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு. அறையில் வயர் பொசுங்கும் வாசனை வந்தது. மூன்று. நீலம் எரியும்போதெல்லாம் பிள்ளையின் உடம்பு வில்லாக வளைந்தது. அணையும்போது தளர்ந்தது. பிள்ளையைப் பாயோடு வெளியே இழுத்துப் போட்டாள். நான்கு. "தாயே, என் உசுர எடுத்துக்க, இவள விட்டுடு" என்று வாய்விட்டுக் கதறினாள். நான்கு நிமிடம் ஐம்பது நொடியில் துர்கா மூச்சை இழுத்து விட்டாள்.

பத்தே பத்து நொடிதான் மிச்சம்.

அன்று சாயங்காலமே மூலக்குளத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முஆஸை வரவழைத்தாள். அவன் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். டார்ச் அடித்துப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"அக்கா, இந்த லைட்டுக்குப் போற வயர யாரோ எப்பவோ புடுங்கி விட்டுட்டாங்க. இதோ பாருங்க, சும்மா தொங்குது."

"அப்புறம் எப்பிடித் தம்பி எரியுது?"

முஆஸ் குனிந்து பிளக்கைத் தேடினான். பிளக் தரையில் கிடந்தது. வயர் அவன் கையில் இருந்தது. லைட் எரிந்தது. அவன் ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டான்.

அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? நிர்மலா அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். ஒரு கல்லை எடுத்து அந்த லைட்டைக் குத்தித் தூளாக்கினாள். கையில் ரத்தம் வந்தது. பரவாயில்லை. வந்து, கால் கழுவி, நடு அறைக் கதவைத் திறந்தாள்.

மேசை காலியாக இருந்தது.

மேசைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், அந்த நீலப் பொட்டு எரிந்தது.

நிர்மலா கத்தவில்லை. கத்தினால் பிள்ளை எழுந்துவிடுவாள் என்ற புத்தி மட்டும் இருந்தது. துர்காவைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே ஓடினாள்.

"அந்த ரூம்ல இன்னா இருக்குதும்மா? மறைக்காம சொல்லு. எம் பொண்ணு செத்துப் பொழச்சிருக்கா."

செல்வாம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ராவெல்லாம் வேல செய்வான். அந்த நாற்காலியிலயே நெஞ்சு நின்னுபோச்சு. உசுரு போன எடத்துல பதினாறு நாள் வெளக்கு எரியணும் இல்லையா? நானும் ஏத்தி வெச்சேன். எப்பிடி வெச்சாலும் அணைஞ்சிது. எங்க கொழுந்தனாரு, 'அதான் மெஷின்ல ஒரு லைட்டு அணையாம எரியுதே, அதுவே இருக்கட்டும்'ன்னாரு. நானும் சரின்னு விட்டேன். மருந்தும் மாத்தரையுமா கெடந்தேன், எனக்கு இன்னா தெரியும்?"

"அப்புறம்?"

"பதினாறாம் நாள் எல்லார் வூட்லயும் வெளக்குக்குப் பால் தெளிச்சு, ஆத்மாவை அனுப்பி வெப்பாங்க. நாங்க அந்த லைட்ட மறந்தே போயிட்டோம். ஒரு வெளக்கு இன்னும் எரியுதுன்னா அவன் எங்கேம்மா போவான்?"

தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள்.

"இப்ப அனுப்பு," என்றாள் நிர்மலா. "ஒன் கால்ல வேணா விழறேன். பெத்தவ நீ சொன்னா கேப்பான். போன்னு சொல்லு. அது போதும்."

செல்வாம்பாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு மேலே வந்தாள். கையில் ஒரு டம்ளர் பாலும் ஒரு செவ்வந்திப் பூவும் இருந்தன. நிர்மலா மகளைத் தோளில் சாய்த்து, அவள் முகத்தை முந்தானையால் மூடியபடி வாசற்படியில் நின்றாள். அறைக்குள் பொசுங்கல் வாசனை முன்னைவிட அதிகமாக இருந்தது. நீலம் எரிந்தது, அணைந்தது. ஒவ்வொரு முறை எரியும்போதும் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. அதில் யாரும் இல்லை.

"ஹரி," என்றாள் செல்வாம்பாள்.

மின்னுவது நின்றது. நீலம் அசையாமல் எரிந்தது.

"அம்மாதான்டா. ஒன்ன மறந்துட்டேன். தப்புதான். நீ இங்க இருந்தா அந்தப் பச்சப்புள்ளைக்கு ஆவல. இங்க இருக்காதடா கண்ணு..." பூவைப் பாலில் தோய்த்து, அந்த வெளிச்சத்தின்மேல் ஒரு சொட்டு விட்டாள். சொட்டு கீழே விழவில்லை. அங்கேயே எதுவோ குடித்துவிட்டது போல மறைந்தது.

நீலம் சுருங்கியது. கடுகளவானது. செல்வாம்பாளின் வாய் கோணியது. இருபத்தாறு வருடம் வாசலில் நின்று அவனை வழியனுப்பியவள். ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் வேலைக்கும் அனுப்பிய அதே குரலில், தன்னை மறந்து சொன்னாள்:

"போயிட்டு வாப்பா."

நீலம் பட்டென்று அணைந்தது.

நிர்மலா துர்காவை இறுக்கிக்கொண்டாள். சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவர்கள்கூடத் திரும்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லமாட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்துவிடுவார்கள். இவள் செத்தவனைப் பார்த்தே சொல்லிவிட்டாள்.

"அய்யோ, இன்னாம்மா சொன்ன? மாத்திச் சொல்லு! போன்னு சொல்லு!"

"போ... போடா! வராத! வராத ராஜா!" என்று செல்வாம்பாள் இருட்டைப் பார்த்துக் கத்தினாள். கேட்க அங்கே யாரும் இல்லை. போனவன் போய்விட்டான். கடைசியாக அவன் காதில் விழுந்தது முதலில் சொன்னதுதான்.

அந்த அறையை நிர்மலா பூட்டினாள். கணவனுக்குப் போன் போட்டு, வேறு வீடு பார்க்கச் சொல்லி அழுதாள். காலாப்பட்டில் அவன் சிநேகிதன் ஒருவன் அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏற்பாடு செய்வதாகச் சொன்னான். முன் அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அங்கேயே பிள்ளையோடு படுத்தாள். முதல் நாள் துர்கா நன்றாகத் தூங்கினாள். இரண்டாம் நாளும் தூங்கினாள். மூன்றாம் நாள் ரெண்டு தோசை சாப்பிட்டு, "அம்மா, எனக்கு நல்லாயிடுச்சா?" என்று கேட்டாள். நிர்மலா அவளைக் கட்டிக்கொண்டு, "ஆயிடுச்சுடி தங்கம்" என்றாள். அப்படித்தான் அவள் மனசாரவே நம்பினாள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் மூட்டை கட்டி முடித்தாயிற்று. விடிந்தால் வேன் வந்துவிடும். துர்கா அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையின் ஓரமாக வெயில் கோடு போட்டிருந்தது. நிர்மலா பிள்ளையின் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே சற்றுக் கண்ணயர்ந்தாள்.

பொசுங்கல் வாசனை வந்தது.

கண்ணைத் திறந்தாள். பூட்டிய கதவைப் பார்த்தாள். அதன் அடியில் இருட்டுதான். சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். எங்கும் எதுவும் இல்லை.

பிறகு மடியைப் பார்த்தாள்.

துர்காவின் மூடிய இமைகள் இரண்டும், டார்ச்சின் மேல் உள்ளங்கையை வைத்து மூடியது போல, உள்ளேயிருந்து வெளிச்சமாகத் தெரிந்தன. இமையின் மெல்லிய நரம்புகள்கூடத் தெரிந்தன.

எரிந்தன. அணைந்தன. எரிந்தன.

நிர்மலா இரண்டு கையாலும் மகளின் கண்களைப் பொத்தினாள். அழுத்திப் பொத்தினாள். விரலிடுக்கு வழியாக நீலம் வெளியே வந்தது. மடியில் கிடந்த சின்ன உடம்பு மெல்ல விறைக்கத் தொடங்கியது.

மாடிப்படியில் யாரோ அவசர அவசரமாக ஏறி வரும் சத்தம் கேட்டது. செல்வாம்பாள்தான். பொசுங்கல் வாசனை கீழ் வீடு வரை போயிருந்தது. வாசலுக்கு வெளியே நின்று, மூச்சு வாங்க, சந்தோஷத்தை அடக்கமாட்டாமல் கேட்டாள்:

"நிர்மலா... வந்துட்டானாம்மா?"