கோழி கொத்திய கல்

1973 மார்ச் 6, செவ்வாய். நேற்றும் முந்தாநாளும் கற்களுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன்.

இப்படி எழுதிவிட்டு றாபியா பென்சிலைக் கடித்தாள். மாலை வகுப்பில் சோதனை என்று படித்துக்கொண்டே இருந்ததில், வாப்பா சொன்ன ஒரே வேலை மறந்துபோயிற்று.

மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்ட வாப்பாவால் கனமான கல்லைத் தூக்க முடியாது. அதனால் கலேவெல நெல் ஆலையிலிருந்து உமி கொண்டுவந்து, ஊறவைத்து, சீமெந்தோடும் மணலோடும் கலந்து, இலேசான கற்களாக வார்த்திருந்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஓர் அறை கட்டத்தான். ஒரு வாரம் ஈரச் சாக்கின் கீழ் இருந்தால்தான் அந்தக் கற்கள் உரமேறும்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ஹுசைன் மாமா எட்டிப் பார்த்தார்.

"உமியில வீடா? கோழி கொத்தித் தின்னுட்டுப் போயிடும்!"

"சும்மா போங்க மாமா!"

சொல்லிவிட்டுத் திரும்பினால், சிவப்புக் கோழி சாக்கைக் கிளறிவிட்டு ஒரு கல்லின் மேல் ஏறி நிற்கிறது! உமியோடு சேர்ந்திருந்த குருணையை அது கொத்தக் கொத்த, கல்லின் மூலை பொலபொலவென்று உதிர்ந்தது.

றாபியா ஓடிப்போய்க் கோழியை விரட்டினாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தக் கல்லில் எழும்பும் சுவரோரம்தானே பிள்ளை தூங்கப்போகிறது?

"வாப்பா... ரெண்டு நாளா நான் தண்ணி ஊத்தல்ல."

வாப்பா உதிர்ந்த மூலையைத் தடவினார். "கடைக்கு இனி எப்ப சீமெந்து வருமோ," என்று மட்டும் சொன்னார். அவர் ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

றாபியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓர் ஆணியை எடுத்து ஒவ்வொரு கல்லாகக் கீறிப் பார்த்தாள். வெயிலில் கிடந்தவை உதிர்ந்தன. பலாமர நிழலில் சாக்கு இன்னும் ஈரமாகவே இருந்தது. அங்கிருந்த கற்களில் மெல்லிய கோடுதான் விழுந்தது.

"வாப்பா, நிழல்ல இருந்ததெல்லாம் கெட்டியா இருக்கு! சுவருக்கு இதை மட்டும் எடுப்போம்."

வாப்பாவும் கீறிப் பார்த்தார். "கெட்டிதான் மகள். ஆனா அறை சின்னதாப் போயிடுமே?"

வாசலில் நின்ற உம்மா வயிற்றைத் தடவிச் சிரித்தார். "வரப்போற புள்ளயும் சின்னதுதானே!"

வாப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். உதிர்ந்த கற்களைக் கோழிக்கூடு கட்ட ஒதுக்கினார்கள்.

"நல்லது! இனி அது தன்ட வீட்டையே தின்னட்டும்," என்றார் ஹுசைன் மாமா.

றாபியா பென்சிலை எடுத்து மீதியை எழுதினாள்:

நாளை வகுப்புக்குப் போகுமுன் எல்லாக் கற்களுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கும் முன்னால், கோழியைக் கட்டிவைக்க வேண்டும்.